தோட்டத் தமிழரும் முதுமைக்காலச் சேமிப்பும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று பெம்பான். மலாயாவின் இரப்பர் வரலாற்றில் இம்மாநிலத்திற்குத் தனியிடம் உண்டு. 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். ஈராண்டுகளுக்குப் பின்னர், ஜாசின் பகுதியிலுள்ள புக்கிட் ஆசகானில் அப்பயிர் பெருந்தோட்டமாக விரிந்தது. மரம் சீவவும் பால் எடுக்கவும் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் வந்தனர். அவர்கள் காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கிய கதையைப் பலர் எழுதியுள்ளனர். உழைத்து ஓய்ந்த பின் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் கதையோ குறைவாகவே எழுதப்பட்டுள்ளது.

உழைக்கும் காலத்தில் ஈட்டியதைக் கொண்டு உழைக்க இயலாத காலத்தை எவ்வாறு கடத்துவது? இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக் காலத்தில் தோட்டத் தமிழர் நான்கு விடைகளைக் கண்டனர். ஊர் திரும்புதல் முதல் விடை. சிக்கனச் சங்கம் இரண்டாவது. ஊழியர் சேமநிதி மூன்றாவது. கூட்டாக நிலம் வாங்குதல் நான்காவது. இந்நான்கும் பணத்தைச் சேர்க்கும் வழியைக் காட்டின. சேர்ந்த பணத்தைக் காத்து, அளந்து, நெடுநாள் பயன்படுத்தும் அறிவை மக்களிடம் கொண்டு செல்லும் முயற்சி மட்டும் மிகப் பிந்தியே வந்தது. நடு வயதினருக்கும் ஓய்வை நெருங்குவோருக்கும் இந்நாளில் நடத்தப்பெறும் நிதிக்கல்விப் பட்டறைகளை இவ்வரலாற்றின் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் தேவை விளங்கும்.

ஊர் திரும்பும் கனவு

கங்காணி முறையில் வந்த தொழிலாளி மலாயாவை நிலையான இருப்பிடமாகக் கருதவில்லை. சில ஆண்டுகள் உழைத்து, கடனைத் தீர்த்து, கைப்பொருளோடு ஊர் திரும்பிக் காணி நிலம் வாங்கலாம் என்பதே அவனது எண்ணம். ஆகவே முதுமையைப் பற்றிய கவலை கடலுக்கு அப்பால் விடப்பட்டிருந்தது. சேமிப்பு என்பது பெரும்பாலும் மனைவியின் கழுத்திலும் காதிலும் கிடந்த பொன்னாகவோ, ஊருக்கு அனுப்பிய பணமாகவோ இருந்தது. கடைக்கடனும் கள்ளுக்கடையும் கூலியில் ஒரு பங்கைத் தின்றன. எஞ்சியதைச் சேர்த்து வைக்க வங்கி அருகில் இல்லை; இருந்தாலும் எழுத்தறியாதவன் அதன் வாயிலை மிதிக்க அஞ்சினான்.

1907-ஆம் ஆண்டில் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகளிடமிருந்து பெற்ற தொகையைக் கொண்டு ஆள்களை அழைத்து வருவதே அதன் முதன்மை நோக்கம். நோயுற்றும் தளர்ந்தும் போனவர்களைத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்து ஏற்கப்பட்டது. முதுமை அடைந்த தொழிலாளிக்கு அக்காலச் சட்டம் காட்டிய வழி கப்பல் ஏற்றி அனுப்புவதே எனலாம். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்தபோது, தளர்ந்தவர்களோடு உடல் வலிமை உள்ளவர்களும் பல்லாயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு தடை செய்தது. அதன் பின்னர், வருவதும் போவதுமாக இருந்த கூட்டம் மெல்ல இந்நாட்டிலேயே வேரூன்றிய சமுதாயமாயிற்று.

அதனையடுத்து வந்த போர், சேமிப்பைப் பற்றிய கொடியதொரு பாடத்தைக் கற்பித்தது. சப்பானியர் ஆட்சியில் வாழைமரப் படம் பொறித்த நோட்டுகள் புழங்கின. 1945-இல் அவ்வாட்சி வீழ்ந்தவுடன் அந்நோட்டுகள் வெறுங் காகிதமாயின. பெட்டி நிறைய வைத்திருந்தவனும் ஒரே நாளில் வறியவனானான். பணத்தின் மதிப்பு அதன் எண்ணிக்கையில் இல்லை, அது வாங்கித் தரும் பொருளில் உள்ளது என்னும் உண்மையைப் பட்டறிவால் உணர்ந்த தலைமுறை அது.

சிக்கனச் சங்கங்கள்

1922-இல் மலாய் ஐக்கிய நாடுகளில் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டுக் கூட்டுறவுத் துறை தொடங்கப்பெற்றது. கூட்டுறவு இயக்கம் பின்னர் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்கும் பரவியது. மலாக்கா அக்காலத்தில் அப்பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. 1930-களில் தோட்டத் தொழிலாளரிடையே சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றிப் பரவின. திங்கள்தோறும் சம்பளத்திலிருந்து சிறு தொகையைச் செலுத்துவதும், திருமணம், நோய், ஊர்ப்பயணம் ஆகியவற்றுக்குக் குறைந்த வட்டியில் கடன் பெறுவதும் இச்சங்கங்களின் பணிகள்.

கணக்கு எழுதத் தெரிந்தவர்களாகத் தோட்டத்தில் இருந்தோர் கிராணியும் தமிழ்ப் பள்ளி ஆசிரியரும் போன்ற சிலரே. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவும் செலவும் வாசிக்கப்பட்டன. கடன் நிலுவை யாரிடம் உள்ளது என்பது வெளிப்படையாயிற்று. தன் பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதை மரம் சீவும் தொழிலாளி அங்கேதான் கற்றான். பட்டறை என்னும் பெயர் அப்பொழுது இல்லை. ஆயினும் வயது வந்தோருக்கான நிதிக்கல்வியின் முதல் வகுப்பு அக்கூட்டமே. பிற்காலத்தில், 1956-இல், கூட்டுறவுக் கல்லூரி நிறுவப்பட்டபொழுது இப்பயிற்சி முறையான வடிவம் பெற்றது.

சேமநிதியின் வரவு

1951-ஆம் ஆண்டு மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் ஊழியர் சேமநிதிச் சட்டம் நடப்புக்கு வந்தது. இந்தியாவின் சேமநிதிச் சட்டம் 1952-இலும், சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955-இலும், இலங்கையின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958-இலும் தோன்றின என்பதை நோக்கினால், இத்துறையில் மலாயா முன்னோடி நாடுகளுள் ஒன்று என்பது புலனாகும்.

தொடக்கத்தில் தொழிலாளியின் பங்கு 5 விழுக்காடு. முதலாளியின் பங்கும் 5 விழுக்காடு. திங்களுக்கு 60 வெள்ளி ஈட்டியவரின் கணக்கில் அவரிடமிருந்து 3 வெள்ளியும் முதலாளியிடமிருந்து 3 வெள்ளியும் சேரும். 1980-இல் இவ்விகிதம் 9, 11 என உயர்ந்தது. 1996 முதல் 11, 12 என்றும், 2012 முதல் 5,000 வெள்ளி வரை ஊதியம் பெறுவோருக்கு முதலாளியின் பங்கு 13 என்றும் ஆயிற்று. இலாப ஈவு 1952-இல் 2.5 விழுக்காடாக இருந்தது. 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காடு என்னும் உச்சத்தை எட்டியது.

1954-இல் மலாக்கா, ஜொகூர், பேராக் முதலிய பகுதிகளின் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். கூலி உயர்வுக்கான அதன் ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் சேமநிதிக் கணக்கையும் உயர்த்தியது. ஏனெனில் சேமநிதி என்பது ஊதியத்தின் விழுக்காடு. ஊதியம் குறைவானால் முதுமைப் பணமும் குறைவாகவே இருக்கும்.

சேமநிதியின் சிறப்பு அது கேளாமலே சேர்வது. அதன் குறையும் அதிலேயே அடங்கியிருந்தது. சங்கத்தில் பணம் கட்டியவன் கூட்டத்திற்குச் சென்று கணக்குக் கேட்டான். சேமநிதியிலோ தொகை சம்பளத்திலிருந்து தானே பிடிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்குத் தாளைப் பலர் பிரிக்காமலே பெட்டியில் வைத்தனர். 55 வயதில் முழுத் தொகையும் ஒரே நாளில் கைக்கு வந்தது. வாழ்நாளில் ஆயிரம் வெள்ளியைச் சேர்த்துப் பார்த்திராத ஒருவர், பல ஆயிரத்தை ஒருசேரப் பெறும் நாளில் அதனை எவ்வாறு ஆள்வது என்று கற்பித்தவர் எவருமில்லை. அதே நாளில் அவர் தோட்ட வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. பணம் வந்ததும் கூரை போனதும் ஒரே வேளையில் நிகழ்ந்தமையால், மகளின் திருமணத்திற்கும் மகனின் மோட்டார் சைக்கிளுக்கும் உறவினரின் கைமாற்றுக்கும் அத்தொகை விரைந்து கரைந்த குடும்பங்கள் உண்டு.

பத்து வெள்ளிப் பாடம்

1950-களிலும் 1960-களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு நிலங்களாகத் துண்டாடினர். உங்கு அசீஸ் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

இந்நெருக்கடியிலிருந்து பிறந்ததே 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் இதன் உந்துவிசை. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் தமிழிலேயே பேசினார். திங்களுக்குப் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கைப் பெறலாம். ஆயிரமாயிரம் பேரின் பங்குகள் சேர்ந்தால் துரை விற்கும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கலாம் என்பது அவர் சொன்ன கணக்கு. 1961-இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டபொழுது அக்கணக்கு மெய்யாயிற்று. 1979-இல் சம்பந்தன் மறைந்தபோது சங்கம் பல தோட்டங்களின் உடைமையாளராக வளர்ந்திருந்தது.

இதனை அரசியல் வெற்றியாகப் பாராட்டுவோர் பலர். கல்வி வரலாற்று நோக்கில் அதன் சிறப்பு வேறு. பங்கு, முதல், இலாப ஈவு, கூட்டு உடைமை ஆகிய கருத்துகளைப் பள்ளிக்கூடமே காணாத ஆண்களும் பெண்களும் சம்பளக் கொட்டகையில் அமர்ந்து கேட்டு விளங்கிக்கொண்டனர். தம் மொழியில், தம் வாழ்க்கையிலிருந்து எடுத்த எண்களைக் கொண்டு சொன்னால், பொருளியல் எவருக்கும் எட்டாத துறை அன்று என்பதற்கு இதுவே சான்று.

அறியாமையின் விலை

எல்லாக் கூட்டு முயற்சிகளும் அவ்வாறு அமையவில்லை. தோட்டத்திலும் சிற்றூரிலும் பெண்கள் தமக்குள் நடத்திய கூட்டு என்னும் சீட்டு, நம்பிக்கை ஒன்றையே முதலாகக் கொண்டது. சீட்டெடுத்தவர் ஊரை விட்டகன்றால் எஞ்சியோர் இழந்தனர். இத்தகைய சீட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைத் தடுக்க 1971-இல் ‘கூத்து’ நிதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. மலாய் மொழியில் வழங்கும் அச்சொல் தமிழ்க் ‘கூட்டு’ என்பதனை நினைவூட்டுவது கருதத்தக்கது.

1986-இல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன. கூட்டுறவு என்னும் நற்பெயர் ஒன்றே பாதுகாப்பு ஆகாது என்பதை நாடு உணர்ந்தது. இந்தியச் சமுதாயத்தின் முதலீட்டு நிறுவனமாக 1982-இல் அமைக்கப்பட்ட மைக்கா, 66,000-க்கும் மேற்பட்டோரிடமிருந்து ஏறத்தாழ 10 கோடியே 60 இலட்சம் வெள்ளியைத் திரட்டியது. நகையை அடகு வைத்தும் சேமநிதியில் பெற்ற பணத்தைக் கொண்டும் பங்கு வாங்கியோர் அவர்களுள் உண்டு. 2010-இல், ஒரு வெள்ளிக்கு விற்ற பங்குக்கு 80 காசு தர ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. கால் நூற்றாண்டு காத்திருந்தவர் முதலிலும் குறைவாகவே பெறும் நிலை ஏற்பட்டது. இதில் யார் குற்றவாளி என்னும் விவாதம் ஒருபுறமிருக்க, பங்கு வேறு, வைப்புத்தொகை வேறு. பங்கில் முதலும் குறையலாம் என்னும் அடிப்படை வேறுபாட்டை வாங்கியவருக்கு முன்கூட்டி எடுத்துரைக்கும் கல்வி போதிய அளவில் இல்லை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

தோட்டத்திலிருந்து நகருக்கு

1970-களிலிருந்து இரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது. தொடர்ந்து பல தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறின. தோட்டத்தில் பிறந்த தலைமுறை மலாக்கா நகரின் ஆலைகளுக்கும் ஜொகூர், சிங்கப்பூர் வேலைத்தலங்களுக்கும் சென்றது. முன்னர்த் தொழிலாளியின் வாழ்க்கையில் வீட்டு வாடகையும் தண்ணீர்க் கட்டணமும் இல்லை. நகரத்தில் அவை திங்கள்தோறும் வந்தன. வீட்டுக் கடனும் வாகனக் கடனும் கடன் அட்டையும் புதியன. கடைக்காரரின் சிட்டை நோட்டில் இருந்த கடன் இப்பொழுது பல வங்கிகளில் பிரிந்து கிடந்தது. வட்டிக்காரனாகிய அலோங்கின் தொலைபேசி எண் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டப்பட்டிருந்தது.

இச்சூழலில்தான் நிதிக்கல்வி தனித்துறையாக உருவெடுத்தது. 2006-இல் பேங்க் நெகாரா, கடன் ஆலோசனை நிர்வாக நிறுவனமாகிய ஏ.கே.பி.கே.-ஐ நிறுவியது. கடனில் சிக்கியவருக்குக் கட்டணமின்றி ஆலோசனை கூறுவதும், வரவு செலவுத் திட்டமிடலைக் கற்பிக்கும் வகுப்புகளை நடத்துவதும் அதன் பணிகள். சேமநிதி வாரியமும் ஓய்வை நெருங்கும் உறுப்பினர்களுக்குத் தன் கிளைகளில் ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. 2016-இல் பல அமைப்புகள் சேர்ந்த நிதிக்கல்விக் கூட்டமைப்பு உருவாகி, 2019-இல் ஐந்தாண்டுத் தேசிய வியூகம் ஒன்று அறிவிக்கப்பட்டது.

பட்டறை கற்பிப்பது யாது?

நாற்பதைக் கடந்தவர்களுக்கான பட்டறையில் முதற்கண் சொல்லப்பெறுவது எளிய பெருக்கல் கணக்கே. 55 வயது முதல் 75 வயது வரை 20 ஆண்டுகள். அதாவது 240 திங்கள். திங்களுக்கு 1,000 வெள்ளி வேண்டுமானால் 2,40,000 வெள்ளி தேவை. 2019 முதல் சேமநிதி வாரியம் அடிப்படைச் சேமிப்பாகக் காட்டிய தொகை இதுவே. தம் கணக்குத் தாளை எடுத்து இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், ஓய்வு எத்துணை அண்மையில் உள்ளது என்பதைத் தாமே உணர்வார்.

இரண்டாவது, காலத்தின் வலிமை. எழுபத்திரண்டை ஈவு வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 6 விழுக்காடாயின் 12 ஆண்டுகள். 40 வயதில் எடுக்காமல் விட்ட 10,000 வெள்ளி 52 வயதில் 20,000 ஆகும். 64-இல் 40,000 ஆகும். இந்தக் கணக்கு அறிந்தவர் தேவையற்ற பணமீட்பில் இறங்கார். விலைவாசி ஏற்றமும் இதே கணக்கின்படி பணத்தின் மதிப்பை மறுபக்கம் குறைக்கிறது என்பதும் அங்கேயே கற்பிக்கப்படும்.

மூன்றாவது, ஒரே நாளில் முழுத் தொகையையும் எடுக்க வேண்டியதில்லை என்னும் செய்தி. 55 வயதைக் கடந்தும் பணத்தைச் சேமநிதியிலேயே விட்டுவைக்கலாம். திங்கள்தோறும் ஒரு தொகை பெறுமாறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். எஞ்சியதற்கு ஈவு தொடர்ந்து கிடைக்கும். 2013 முதல் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆக உயர்ந்தது. மேலும் ஐந்தாண்டுகள் சேர்ப்பதற்கு இதனால் வழி பிறந்தது.

நான்காவது, வாரிசு நியமனம். நியமனம் செய்யாத உறுப்பினர் இறந்தால் குடும்பத்தினர் பத்திரங்களைத் தேடி அலைய நேரிடும். முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தலை 1982-இல் நடப்புக்கு வந்த சட்டம் கட்டாயமாக்கியது. அதன் பின்னரும் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட இணையருள் கைம்பெண்ணானவர், தாம் மனைவி என்பதை மெய்ப்பிக்கவே இடர்ப்பட்டனர். ஒரு படிவத்தைக் காலத்தில் நிரப்பியிருந்தால் தீர்ந்திருக்கும் துன்பம் அது.

ஐந்தாவது, மோசடியை இனங்காணுதல். திங்கள்தோறும் பெருவருவாய் உறுதி என்று சொல்பவரை ஐயுறுவதும், பணம் பறிபோனால் 2022-இல் அமைக்கப்பட்ட மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்னும் எண்ணை உடனே அழைப்பதும் இதில் அடங்கும்.

பெருந்தொற்றுக் காலம் இக்கல்வியின் தேவையைக் கடுமையாக உணர்த்தியது. 2020 முதல் 2022 வரை அனுமதிக்கப்பட்ட சிறப்பு மீட்புகளின் வாயிலாக 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் 14,500 கோடி வெள்ளியைச் சேமநிதியிலிருந்து எடுத்தனர். வேலையிழந்து அடுப்பெரியாத வீட்டில் அப்பணம் உயிர் காத்தது. அதனை எவரும் குறை கூறல் ஆகாது. ஆயினும் எடுத்தவருள் பலரின் கணக்கில் முதுமைக்கென எஞ்சியது சொற்பமே. 2024 மே முதல் புதிய பங்களிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது: ஓய்வுக்கு 75 விழுக்காடு, வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு 15, எந்நேரமும் எடுக்கத்தக்கதாக 10. எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு முன்னைவிட மிகுதியாக உறுப்பினர் தலையிலேயே விழுந்துள்ளது.

மொழியும் ஆசிரியரும்

சேமநிதிப் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. ஐம்பது வயதைக் கடந்த தோட்டத் தமிழருள் தமிழ்ப் பள்ளியின் ஆறாம் ஆண்டோடு கல்வியை முடித்தவர்கள் பலர். ‘ஈவு’ என்றாலும் ‘பங்கு’ என்றாலும் அவர்களுக்கு விளங்கும்; அவற்றின் பிறமொழிப் பெயர்கள் விளங்கா. சிக்கனச் சங்கமும் நிலநிதிச் சங்கமும் பெற்ற வெற்றிக்கு அவை தொழிலாளியின் மொழியில் பேசியது பெருங்காரணம். பட்டறை எத்துணை நன்றாக அமைந்தாலும், கேட்பவரின் நெஞ்சை எட்டாத மொழியில் நடந்தால் வருகைப் பதிவேடு நிறையும், அறிவு நிறையாது.

இவ்விடத்தில் தமிழாசிரியரின் பங்கு நினைக்கத்தக்கது. தோட்ட வாழ்க்கையில் கடிதம் எழுதித் தந்தவர் அவர். படிவம் நிரப்பித் தந்தவர் அவர். சங்கத்தின் கணக்கை எழுதியவரும் அவரே. திருக்குறளின் பொருட்பாலைக் கற்பிக்கும் ஆசிரியர், வலியறிதல் அதிகாரத்தில் வரும் வரவையும் செலவையும் பற்றிய கருத்தை மாணவர் தேர்வுக்கு மட்டும் ஒப்புவிக்கும் பாடமாக நிறுத்தாமல், பெற்றோர் கூட்டத்தில் சேமநிதிக் கணக்குத் தாளோடு சேர்த்து விளக்கலாம். அவ்வாறு விளக்கினால் பள்ளி மண்டபமே பட்டறை ஆகும். அவருடைய மாணவரும் தம் தாய் தந்தையரின் வாரிசு நியமனம் செய்யப்பட்டுள்ளதா என்று கேட்டறியலாம். அது ஒரு மாலைப்பொழுதில் முடியும் பணி.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் வாக்கு. பெம்பானைச் சூழ்ந்த மலாக்காத் தோட்டங்களின் தமிழர் உழைப்பில் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். சேமிப்பிலும் முற்றிலும் தவறியவர் அல்லர். அளக்கும் கோல் அவர் கையில் தரப்படாமையே அவர் முதுமையை நலிவித்தது. கூலி வாங்கும் கை தளர்வதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே, அவர் அறிந்த மொழியில், அக்கோலை அவரிடம் சேர்ப்பது இத்தலைமுறைக் கற்றோரின் கடமை.